சாமி கெடா தின்ன கதைப்புத்தகம்

பாண்டிச்செல்வி என் பக்கத்து வீட்டுக்காரி. உசிலம்பட்டிக்கு மேக்க எங்க தெருவுல சாயங்காலமானா எல்லா வீட்லயும் சீரியல் அழுகை கேக்கும். அவ வீட்ல மட்டும் ஆடு கத்தும், பஸ் ஹாரன் அடிக்கும். "ஏண்டி, இது வீடா பஸ் ஸ்டாண்டா?"ன்னு எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கேன். கேட்டாத்தானே!

அவ மக பவதாரிணி ஒண்ணாப்பு. பள்ளிக்கூடத்துல கதைப்புத்தகம் குடுத்துவிடுவாங்க. இவ வெங்காயம் உரிச்சுக்கிட்டே வாசிப்பா, புள்ள பக்கத்தைத் திருப்பும். வீட்டுக்காரர் கண்ணுச்சாமி கொத்தவேலை முடிச்சு வந்து, கை கால் கழுவின ஈரத்தோட உக்காந்து, "ஆரப்பாளையம், ஆரப்பாளையம், ஏறு ஏறு!"ம்பார். வழி தவறி மதுரை பஸ்ல ஏறின ஆட்டுக்குட்டியோட கதை அது. அவர்தான் கண்டக்டர்.

பாண்டிச்செல்வி எட்டாப்போட நின்னவ. அப்பன் ஆத்தா கூலி வேலைக்குப் போன வீடு, பாடப்புத்தகம் தவிர ஒரு புத்தகம் கிடந்ததில்ல. "எம்புள்ளைக்கு அது கிடைக்கணும் மீனா, அம்புட்டுதான்"ம்பா.

அந்தப் புள்ள என்ன செஞ்சுச்சு தெரியுமா? தெருவுல சுத்துற கெடாகிட்டப் போயி, "உன் கதை இருக்கு, பாரு"ன்னு புத்தகத்தை விரிச்சுக் காட்டிருக்கு. அது சாமிக்கு நேர்ந்துவிட்ட கெடா. எதைத் தின்னாலும் ஒருத்தரும் கை ஓங்க மாட்டோம். அந்தத் திமிரு அதுக்கு. நாங்க ஓடுறதுக்குள்ள அட்டையும் உள்ள போயிருச்சு. கம்பை எடுத்த கண்ணுச்சாமி, சட்டுனு கீழ போட்டுட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டார். "சாமி, ஊர்ல உனக்கு வேற தீனியே கிடைக்கலையா?"ன்னு கேட்டார் பாருங்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

பாண்டிச்செல்வி தேம்பித் தேம்பி அழுதா. புத்தகத்தை வீணாக்குன புள்ளைக்கு அந்த வருசம் வேற புத்தகம் கிடையாதுன்னு பள்ளிக்கூடத்துல சட்டம். "இப்பத்தான் மீனா புள்ளைக்கு ருசி தட்டுச்சு"ன்னு புலம்புனா.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குத் துணைக்கு நானும் போனேன். சத்யப்ரியா டீச்சர் கேட்டுட்டு, "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா"ன்னு இழுத்தாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்தச் சட்டத்தைக் கெடாகிட்டச் சொல்லுங்கன்னு வாயைத் திறக்கப் போனேன். புள்ள முந்திக்கிச்சு.

"டீச்சர், நான் வாசிக்கிறேன்."

வெறுங்கை ரெண்டையும் புத்தகமா விரிச்சு, ஆத்தாக்காரி மாதிரியே ஏத்தி இறக்கி வாசிக்க ஆரம்பிச்சுச்சு. விரலை எச்சில் தொட்டு, இல்லாத பக்கத்தைத் திருப்புச்சு. வகுப்பே சுத்தி வந்து உக்காந்திருச்சு. "ஆரப்பாளையம், ஏறு ஏறு!"ன்னதும் அம்புட்டுப் புள்ளைகளும் சேர்ந்து கத்த, டீச்சரே சிரிச்சுட்டாங்க. நடுவுல திடீர்னு நிறுத்தி, கையை நாலாப் பக்கமும் காட்டுச்சு.

"இந்தப் பக்கத்துல படம் மட்டுந்தான். எல்லாரும் பாத்துக்கங்க."

பாண்டிச்செல்வி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. சிரிக்கிறாளா அழுறாளான்னு தெரியல. ரெண்டும்தான்.

கதை முடிஞ்சதும் டீச்சர் அலமாரியைத் திறந்துவிட்டு, "உனக்குப் பிடிச்சதை எடுத்துக்க கண்ணு"ன்னாங்க. பவதாரிணி ஒரு புத்தகத்தை உருவி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, சந்தேகமா அண்ணாந்து பாத்துச்சு.

"டீச்சர், இதுல ஆடு வராதுல்ல?"