எறிந்தவர் குரல்

இணையவழி டார்ட்ஸ் குழு ஒன்றுக்கு விதிகள் எழுதித் தருமாறு என்னைக் கேட்டபோது நான் ஒரு நொடியும் தயங்கவில்லை. பள்ளி மேடையில் தொடங்கி, கல்லூரி மேடைகளைக் கடந்து, சங்கங்களின் பட்டிமன்றம் வரை சொல்லால் வென்று பழகியவள் நான். எந்த அணியில் நிறுத்தினாலும் நிற்பேன். நின்ற அணியை வெல்ல வைப்பேன். அலுவலக ஓய்வறையில் கற்ற ஆட்டத்தை, ஜோகுபாளையத்து வீட்டில் என் அறைச் சுவரில் பலகை மாட்டித் தொடர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆட்டத்தில் நான் நடுத்தரம். விதி எழுதுவதில் எனக்கு நிகர் அந்தக் குழுவில் இல்லை என்பதை நான் மட்டுமல்ல, எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

ஆட்டம் எளியது. இருவர் இரு வீடுகளில் நிற்கிறார்கள். அவரவர் பலகையில் அவரவர் எறிகிறார்கள். ஒரு முறைக்கு மூன்று அம்புகள். ஐந்நூற்றொன்றில் தொடங்கி, குத்திய எண்களைக் கழித்துக்கொண்டே போய், முதலில் சுழியத்தைத் தொடுபவர் வெல்வார். கடைசி அம்பு மட்டும் பலகையின் விளிம்பிலுள்ள மெல்லிய வளையத்தில் குத்த வேண்டும். அங்கே எண் இரட்டிப்பாகும். கேமரா பலகையைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. எதிராளி என்பவர், அம்பைப் பிடுங்கிப் போக வரும் ஒரு கை. அவ்வளவுதான்.

இப்படி முகமில்லாத ஓர் ஆட்டத்தில் நேர்மைக்கு விதியன்றி வேறு காவல் இல்லை என்று நான் நம்பினேன். பலகை முழுதும் கேமராவில் தெரிய வேண்டும். எதிராளி பார்க்கும் முன் அம்பை எடுக்கக் கூடாது. எறியும் ஒவ்வோர் அம்பும் வெல்வதற்காகவே எறியப்பட வேண்டும். ஒருவர் பெயரில் இன்னொருவர் கை எறியக் கூடாது. இவற்றோடு, நான் மிகவும் பெருமைப்பட்ட விதி ஒன்று இருந்தது: எண்ணிக்கையை அறிவிக்கும் குரல் எறிந்தவர் குரலாகவே இருக்க வேண்டும்.

இந்த விதிக்குக் காரணம் எங்கள் வீடுகள். ஒருவர் வீட்டில் குக்கர் விசில். இன்னொருவர் வீட்டில் தெருநாய். என் சன்னலுக்குக் கீழே பழைய மெட்ராஸ் ரோட்டின் ஹாரன்கள். ஆகையால் ஆட்டத்தின்போது மைக்கை மூடிவைப்போம். ஊமை ஆட்டம் சலித்தது. குழுவின் ஒருங்கிணைப்பாளர் ஒரு வழி செய்தார். சுழியம் முதல் நூற்றெண்பது வரை எல்லா எண்களையும் ஒவ்வொருவரும் தம் குரலில் ஒரு முறை பதிந்து கொடுத்துவிட வேண்டும். எறிந்தபின் திரையில் எண்ணை அழுத்தினால், அந்தக் குரல் இரு வீட்டிலும் ஒலிக்கும். தன் கணக்குக்குத் தன் குரலே சாட்சி. விதியை வாசித்துக் காட்டிய நாளில் கைதட்டல் கிடைத்தது.

எல்லோருடைய எண்களும் எண்களாக இருந்தன, ஒருவருடையதைத் தவிர. அவர் சிவாஜிநகரில் நடைபாதையில் ரெடிமேட் துணி விற்பவர், வீடு அடுகோடிப் பகுதியில். எண்களைக் கடையில் நின்றபடியே பதிந்திருந்தார். பின்னணியில் பேருந்து நிலையம் முழுவதும் இரைந்தது. நூறு எடுத்தால், "எத எடுத்தாலும் நூறு!" இருபத்தாறு என்ற மோசமான எண் வந்தால், "இருபத்தாறு… சாயம் போவும், பாத்து எடுங்கம்மா!" தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அவருக்கு எதிரே நான் சிரித்திருக்கிறேன்.

ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே மைக்கைத் திறந்து பேசுவார்; விதி எழுதிய எனக்கு அவர் வைத்த பெயர் வக்கீலம்மா.

"என்ன வக்கீலம்மா, இன்னிக்கு எந்த செக்‌ஷன்ல என்ன உள்ள தள்ளப் போறீங்க?"

"அம்ப அவசரமா புடுங்கறீங்க. நான் பாக்கறதுக்குள்ள எடுத்துடறீங்க."

"நக்கோ, வேணாம் வக்கீலம்மா, அதுக்கெல்லாம் கேஸ் போடாதீங்க. கடைப் பழக்கம். துணிய முழுசா பாத்துட்டா எவன் வாங்குவான்?"

பிறகு சில வாரங்கள் அவர் வரவில்லை. வராதவரின் ஆட்டத்தை எதிராளிக்கு வழங்கும் விதியின்படி வழங்கினோம். ஊருக்குப் போயிருப்பார் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார்.

ஒரு ஞாயிறு பிற்பகலில் அவர் பெயர் மீண்டும் திரையில் தோன்றியது. ஆட்டம் என்னோடு. முதல் மூன்று அம்புகள் குத்தின. "நாப்பத்தஞ்சு, கடைசி வெல!" என்ற பழைய குரல். மகிழ்ச்சியோடு என் முறையை எறிந்துவிட்டுத் திரும்பியவள், அவருடைய அடுத்த மூன்று அம்புகளைப் பார்த்து நின்றேன்.

டார்ட்ஸ் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் முகத்தால் அறிவதில்லை. அம்பு குத்தி நிற்கும் சாய்வால் அறிகிறோம். அது கையெழுத்தைப் போல. மாற்ற நினைத்தாலும் மாறாது. அவருடைய அம்புகள் எப்போதும் வாலைத் தூக்கி, சண்டைச் சேவலைப் போல நிற்கும். இவை வால் தாழ்ந்து, தலை குனிந்து நின்றன. அவற்றை எடுக்க ஒரு கை வந்தது. அதில் கண்ணாடி வளையல்கள்.

குரல் அவருடையது. கை அவருடையது அல்ல. அடிபட்டிருக்குமோ, வீட்டுப் பெண் எடுத்துக் கொடுக்கிறாரோ என்று நினைத்துப் பார்த்தேன். சாய்வு அதை மறுத்தது. அடுத்த முறையும் அவர் குரல் உற்சாகமாகக் கூவியது. அதே பேருந்து ஹாரன் அதன் பின்னால் ஒலித்தது. மைக்கைத் திறந்தேன்.

"யாரு எறியறது?"

ஒரு பெண் குரல் மிகத் தாழ்ந்து வந்தது.

"தங்கச்சிங்க. அண்ணன் இல்லீங்க."

"எங்க போயிருக்காரு?"

"இல்லீங்க… தவறிட்டாரு. கடையிலயே. துணி காட்டிட்டு இருந்தவரு அப்டியே குந்திட்டாரு."

பேசிக்கொண்டே தங்கையின் விரல் எண்ணை அழுத்தியிருக்க வேண்டும். "அறுவது! அள்ளிட்டுப் போ, அள்ளிட்டுப் போ!" என்று இறந்தவர் எங்கள் இருவருக்கும் நடுவே கூவினார்.

கையிலிருந்த அம்புகளை மேசையில் வைத்தேன். தங்கையே தொடர்ந்தார்.

"நீங்கதானே வக்கீலம்மா? அண்ணன் சொல்லும். அந்தம்மா கையில மாட்டினா ஜாமீன் கூட கெடைக்காதுன்னு." சிரிக்க முயன்று நிறுத்தினார். "வேற எதுலயும் அண்ணன் கொரல் இல்லீங்க. ஒரே வீட்ல இருந்தோம், எதுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கப் போறோம்? பலகைய கழட்டி வெக்கலாம்னு போனேன். சும்மா ஒரு அம்ப எறிஞ்சேன். குத்திச்சு. அந்த நம்பர அமுக்கினேன். அண்ணன் பேசிச்சு."

பிறகுதான், ஓசூர் ரோட்டுப் பக்கத்துத் தையல் ஆலையில் வேலை முடிந்து வந்ததும் நாள்தோறும் எறிந்து பழகியதாகச் சொன்னார். எல்லா எண்களையும் கேட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தனியாக எறிந்து சலித்தபின் ஆட்டத்துக்கே வந்துவிட்டார்.

அந்த ஆட்டத்தை நாங்கள் முடிக்கவில்லை.

ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் வளையலைக் கண்டுவிட்டார்கள். ஒரு ஞாயிறு காலை, எல்லா ஆட்டக்காரர்களையும் ஒருங்கிணைப்பாளர் வீடியோவில் கூட்டினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். யார் மனமும் நோகாமல் பேசுபவர்.

"நீங்க எழுதின ரூல்தாம்மா," என்றார் என்னைப் பார்த்து. "ஒண்ணில்ல, ரெண்டு ரூல். கை அவரோடது இல்ல. கொரல் எறியறவங்களோடது இல்ல. அக்கவுண்ட்ட மூடினா அந்தக் கொரல் கேம்ல இருந்து போயிடும். நீங்களே சொல்லுங்க."

நான் ஆயத்தமாக வந்திருந்தேன், என் விதிக்கு எதிராக. ஏமாற்றைத் தடுக்கவே விதி பிறந்தது. இங்கே ஏமாற்று எங்கே? தங்கை எடுத்த எண்ணை அண்ணன் சொல்கிறார், எண் பொய்யா? சாட்சி என்பது உண்மையைச் சொல்வதா, உயிரோடு இருப்பதா? அடுக்கிக்கொண்டே போனேன்.

"எல்லாம் சரி," என்றார் ஓர் ஆட்டக்காரர். "நாளைக்கு நான் என் பேர்ல ஒரு சாம்பியன எறிய விட்டா, அப்பவும் இதே ஸ்பீச் குடுப்பீங்களா?"

அதற்கும் விடை சொன்னேன். விடை அழகாக இருந்தது; சரியாக இல்லை என்பது எனக்கே கேட்டது.

ஒருங்கிணைப்பாளர் சமரசம் சொன்னார். குரல் முழுவதையும் பென் டிரைவில் போட்டுத் தங்கையிடம் கொடுத்துவிடுவது. அவர் தம் பெயரில், தம் குரலில் புதிதாகச் சேர்ந்துகொள்வது. எல்லோர் முகமும் தெளிந்தது.

"பென் டிரைவ் வேணாங்க," என்றார் அந்தப் பெண். அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். என்னைவிடச் சில வயதே மூத்தவர். "பட்டன் அமுக்கிக் கேக்கறது வேற. நான் எறிஞ்சா, என்ன எறிஞ்சேன்னு பாத்துட்டு சொல்ற மாதிரி இருக்குங்க. மோசமா போட்டா திட்டுது. நல்லா போட்டா கத்துது. எனக்குப் பதில் சொல்லுதுங்க."

மேடையில் அதுவரை நான் கண்ட எந்த வாதமும் அந்தச் சொல்லின் பக்கத்தில் நிற்கத் தகுதியில்லாமல் போயிற்று.

முடிவில் இப்படித் தீர்ந்தது: என்னோடு பாதியில் நின்ற ஆட்டத்தை மட்டும் அவர் அண்ணன் பெயரிலேயே ஆடி முடிக்கலாம். அது முடிந்ததும் கணக்கு மூடப்படும், குரலும் நிற்கும். என் சொல்வன்மை முழுவதும் அவருக்குப் பெற்றுத் தந்தது ஒரே ஓர் ஆட்டம்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் ஆடினோம். வழக்கமாக மாட்டும் ஹெட்ஃபோனை அன்று மாட்டவில்லை. அந்தக் குரல் அறை முழுதும் ஒலிக்கட்டும் என்று விட்டேன். அவர் நன்றாக எறிந்தார். குரல் ஏலம் போட்டது, திட்டியது, கூவி அழைத்தது. எனக்கு நாற்பது மீதி; இருபதின் இரட்டை வளையத்தில் ஓர் அம்பு போதும். அவருக்கு முப்பத்திரண்டு மீதி.

அவருடைய முறை. மூன்று அம்புகளும் பலகையைத் தாண்டிச் சுவரில் குத்தின. "இன்னும் போணியே ஆகல!" என்றது குரல். அதுதான் அவருடைய சுழியம். பதற்றம் என்று எண்ணினேன். மறுமுறையும் மூன்று அம்புகள் சுவரில், அதே இடத்தில், ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல். தவறுகிற கை அப்படிக் குத்தாது.

புரிந்தது. நான் அம்பை உயர்த்தினேன். எதிரே இருபதின் வளையம் தெளிவாகத் தெரிந்தது. அதைத் தொட்டால் அவர் அண்ணன் வாய் மூடும். மூன்று அம்புகளையும் பலகைக்கு மேலே சுவரில் எறிந்தேன். "சுழியம்" என்றது என் குரல். "இன்னும் போணியே ஆகல!" என்றது அவருடையது.

எறியும் ஒவ்வோர் அம்பும் வெல்வதற்காகவே என்று எழுதியவள், எழுதிய விதியைத் தெரிந்தே மீறிக்கொண்டு நின்றேன். அவரும் மீறினார். ஒருவர் எறிவதை ஒருவர் பார்த்துக்கொண்டே மீறினோம். திரையில் நாற்பது அசையவில்லை, முப்பத்திரண்டு அசையவில்லை. வெயில் பலகையிலிருந்து நகர்ந்து சுவருக்கு வந்தது. காரை உதிர்ந்தது. சுழியம். இன்னும் போணியே ஆகல. சுழியம். இன்னும் போணியே ஆகல.

எப்போது என்று சொல்ல முடியவில்லை. அந்தக் குரல் எனக்கு வேறாகக் கேட்கத் தொடங்கியது. சொற்கள் அவையே, பின்னால் அதே ஹாரன். ஆனால் வேடிக்கை வடிந்துவிட்டது. பொழுது சாய்ந்தும் கடையை எடுத்து வைக்க விடப்படாத ஒருவர், போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துக் கெஞ்சுவது போலிருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து அவரை அங்கே நிறுத்தி வைத்திருந்தோம். ஒவ்வொரு முறை எண்ணை அழுத்தும்போதும் அவர் எழுந்து வந்து அதையே சொல்ல வேண்டியிருந்தது.

மைக் திறந்தது.

"வக்கீலம்மா… உங்களுக்கும் அப்டித்தான் கேக்குதா?"

"கேக்குது."

"பாவம். எவ்ளோ நேரம்தான் நிக்க வெக்கறது? முடிச்சுடுங்க."

"நீங்க முடிங்க. உங்க அண்ணன். உங்களுக்குத்தான் அந்த உரிமை."

"என்னால ஆவாதுங்க. அதுக்குத்தான் உங்கள கேக்கறேன்."

உண்மையாகவே குறிபார்த்த முதல் அம்பு வளையத்துக்கு வெளியே போயிற்று. இரண்டாவது வளையத்தைத் தொடாமல் உள்பக்கத்து வெறும் இருபதில் விழுந்தது. இருபது குறைந்து இருபது மீதி நின்றது. மூன்றாவதைப் பத்தின் இரட்டை வளையத்துக்கு எறிந்தேன். குத்தியது.

எண்ணை அழுத்தினேன். பட்டிமன்ற மிடுக்கோடு எப்போதோ பதிந்துவைத்த என் குரல் இரு வீட்டிலும் முழங்கியது: "நாற்பது! வெற்றி எமதே!" யாருடைய குரலோ போலிருந்தது. நான் வாய் திறக்கவே இல்லை.

அவர் அழுகிறாரா என்று உற்றுக் கேட்டேன். இல்லை.

"உங்க கொரல் கணீர்னு இருக்குங்க," என்றார். "வீட்ல கேட்டிருக்காங்களா?"

"இல்ல. ஹெட்ஃபோன் மாட்டி, கதவ சாத்திட்டுதான் ஆடுவேன்."

"தொறந்து வெச்சு ஆடுங்க," என்றார். திரையில் அவருடைய சதுரம் இருண்டது.

பலகையில் நின்ற அம்புகளை அப்படியே விட்டேன். பிறகு கதவைத் திறந்தேன். அம்மா கூடத்தில் தட்டோடு நின்றிருந்தார்.

"யாருடி வந்திருக்கறது? அவ்ளோ நேரமா ஒரு ஆம்பள வியாபாரம் பேசிட்டே இருந்தாரே. இருக்காரா, கெளம்பிட்டாரா? நான் ரெண்டு காப்பி போட்டுட்டேன்."

இரண்டு டம்ளரையும் வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தாமல், பலகையின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.