முகம் தெரிகிற டார்ச்

மகன் கொடுத்தனுப்பிய டார்ச்சைப் பார்த்ததுமே முத்துராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோஸ் கலர் பிளாஸ்டிக். முன்பக்கம் லைட், பின்பக்கம் ரேடியோ, நடுவில் ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி வேறு. திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் பிள்ளையின் அழுகையை அமர்த்த வாங்கிக் கொடுப்பார்களே, அந்த இனம். பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டிருந்தான். அமுக்கினால் மஞ்சளாக ஒரு வெளிச்சம் கிளம்பி, முற்றத்து முருங்கை மரம் வரைக்கும் நொண்டி நொண்டிப் போய் அங்கேயே படுத்துக்கொண்டது.

“எம்மா, டார்ச்சு வந்துச்சா? நல்லா அடிக்கா?” என்று திருநெல்வேலியிலிருந்து போனில் கேட்டான் மணிராஜ். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை அவனுக்கு.

“அடிக்கி, அடிக்கி. முருங்க மரத்தத் தாண்டதுக்குத்தான் அதுக்கு நோவுது. ஏலே, கல்லெறிய வாரவன் தல சீவிக்கிடவா வாரான், கண்ணாடிய வச்சு அனுப்பிருக்க?”

“ஒனக்கு அது போதும்மா. தனியா இருக்க பொம்பளைக்குப் பெரிய டார்ச்சு என்னத்துக்கு? அதான் சொல்லுதேன், வீட்ட வித்துட்டு எங்ககூட வந்துரு. தேன்மொழியும் அதத்தான் சொல்லுதா.”

தேன்மொழி மருமகள். அவள் சொன்னது எது, மகன் அவள் வாயில் வைத்தது எது என்று பிரித்துப் பார்க்க முத்துராணிக்குப் பொறுமை இல்லை. போனை வைத்துவிட்டாள்.

கல் விழ ஆரம்பித்து ஏழு வாரம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை தவறுவதில்லை. விளக்கு வைத்த அரைமணி நேரத்துக்குள் அடுப்படி ஓட்டின்மேல் ஒரு கல் விழும். சில வாரம் நாலு கூட விழும். ஓடு உடைந்து சட்டிக்குள் விழுந்து, ஆக்கிய குழம்பை இரண்டு தடவை அப்படியே குழியில் கொட்டியிருக்கிறாள். வயிற்றெரிச்சல்.

பக்கத்து வாழைத்தோட்டத்து மாடக்கண்ணு நல்ல மனுஷர்தான். ஆனால் வாயைத் திறந்தால் பேய்தான் வரும். “செவ்வாக்கெழமயாப் பாத்து விழுதுன்னா மனுச வேல இல்ல தங்கச்சி. செவ்வாயும் வெள்ளியும் துடியான நாளுல்லா? சொடலைக்கு ஒரு கெடா நேந்து விடு, எல்லாம் அடங்கிரும்” என்றார். ஊரும் அதையே சொன்னது. சாமியாடி ஒருத்தன் வந்து, கடைவாயில் வெற்றிலைச் சாறு வழிய வழிய, “ஆளு குடியிருக்கக் கூடாத எடம் தாயி, காலி பண்ணிரு” என்றான். அவன் எச்சில் தெறித்த வாசலை அவள் மூன்று தடவை கழுவிவிட்டாள்.

காலி பண்ணு, காலி பண்ணு! எல்லோருக்கும் இந்த ஒரு வார்த்தைதான் தெரியும். பதினாறு வயதில் கல்யாணமாகி மாஞ்சோலை மலைக்குப் போனவள் முத்துராணி. முப்பத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தாள். குடியிருந்தது லைன் வீடு; கதவில் பெயின்ட் அடித்த நம்பர்தான் விலாசம். வேலை இருக்கிறவரைக்கும்தான் வீடு. புருஷன் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தான். அவன் வேலைக்கு எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாளெல்லாம் கங்காணியிடம் “காய்ச்சலு” என்று பொய் சொல்லிச் சொல்லி அவள் நாக்கு தேய்ந்தது. கடைசியில் எஸ்டேட்டை மூடி, எல்லோரும் மூட்டை முடிச்சோடு கீழே இறங்கினார்கள். கையில் கிடைத்ததைப் போட்டு மணிமுத்தாற்றுக்குக் கிழக்கே, வாழைத்தோட்டத்தை ஒட்டி இந்த ஓட்டு வீட்டை அவள் பெயருக்கே வாங்கினாள். குடிவந்த அன்று சுவரில் பன்னிரண்டு ஆணி அடித்தாள். மாட்டுவதற்குப் புருஷன் படமும் ஒரு காலண்டரும்தான் இருந்தன. ஆனாலும் பன்னிரண்டும் அடித்தாள். யாரும் கேட்க முடியாதல்லவா?

மணிமுத்தாறு அருவிக்கு வருகிறவர்களுக்கு லாட்ஜ் கட்ட இடம் பார்க்கிறார் திசையன்விளைக்காரர் ஒருவர். அவருக்கு இந்த வீடும் மனையும் வேண்டுமாம். போனில் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மணிராஜின் குரலே பல்லை இளிக்கும். செத்தாலும் இந்த வாசலிலிருந்துதான் தூக்க வேண்டும் என்று அவளும் பேச்சு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம்தான் கல் விழ ஆரம்பித்தது. திசையன்விளைக்காரர் ஆள் வைத்து எறிகிறாரோ என்ற சந்தேகம் அவளுக்கு இருந்தது.

பேய் என்று அவள் ஒரு நாளும் நம்பவில்லை. மலையில் கரடியையும் காட்டுமாட்டையும் சிறுத்தையையும் விலக்கிக்கொண்டு விடியுமுன் தண்ணீருக்குப் போனவள் அவள். டார்ச் அடித்தால் மிருகத்தின் கண் பளீரென்று திருப்பி மின்னும். மனுஷக் கண் மின்னாது. மகனுடைய நொண்டி டார்ச்சை அடித்தபோது தோட்டத்தில் எந்தக் கண்ணும் மின்னவில்லை, ஆனால் சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தாள். வரப்போரமாக ஒரு இடத்தில் வாழைச்சருகு நொறுங்கிக் கிடந்தது. பக்கத்தில் பாக்குப் பொட்டலம் ஒன்று, பல்லால் கடித்துக் கிழித்தது. எச்சில் காய்ந்து ஒட்டியிருந்தது. சீ! பேய் பாக்கு போடுமா? அங்கிருந்து தன் பின்வாசல் வரைக்கும் எட்டு வைத்து நடந்து, காலடிகளை எண்ணினாள். நாற்பது எட்டு.

நாற்பது எட்டில் நிற்கிறவன் முகம் தெரிய வேண்டும். டார்ச் வாங்க அவளுக்கு இருந்த ஒரே கணக்கு அதுதான்.

கல்லிடைக்குறிச்சியில் மூன்று கடை ஏறி இறங்கினாள். ஒரு டார்ச்சில் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் பெரிய வெளிச்சம், இரண்டாவது தடவை சின்ன வெளிச்சம், மூன்றாவது தடவை கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி மின்னல். கள்ளன் வந்து நிற்கும்போது அவனுக்கு ஆரத்தியா எடுப்பது? இன்னொன்றில் சார்ஜ் ஏற்றுகிற பின்னு கடையிலேயே ஆடியது. மூன்றாவது கடைக்காரன், “ரெண்டு கிலோமீட்டர் அடிக்கும்க்கா, அட்டையிலயே போட்டிருக்கான் பாருங்க” என்றான். “அட்டையில போட்டிருக்கத அட்டைக்கிட்ட சொல்லு. அடிச்சுக் காட்டு” என்றாள். பட்டப்பகலில் எப்படிக் காட்டுவது என்று அவன் சிரித்தான். பாக்குக் கறை பல்லைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினாள்.

அங்கே ஹபீப் முகம்மது கடை. எலக்ட்ரிக் சாமான் விற்கிறவர், வயது எழுபதைத் தொட்டிருக்கும். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டது அவர் ஒருவர்தான்.

“பரந்து அடிக்க லைட்டு ஒனக்கு ஆவாதும்மா. அது தோட்டம் பூரா காட்டும், முகத்தக் காட்டாது” என்று ஒரு கறுப்பு டார்ச்சை எடுத்து வைத்தார். இரும்பு உடம்பு. ஒரே பொத்தான். அமுக்கினால் எரியும், அமுக்கினால் அணையும். பாட்டரியைக் கழற்றி வேறு போடலாம்.

“அடிச்சுப் பாக்கணும் பாய்.”

“பாரேன். யாரு வேண்டாங்கா?”

கடைக்குப் பின்னால் மூடிக்கிடக்கிற ரைஸ்மில் ஒன்று அவருக்குக் குடோன். நீளமான இருட்டு. முத்துராணி எண்ணிக்கொண்டே நடந்தாள். நாற்பதாவது எட்டில் சுவர் வந்துவிட்டது. “பாய், கோவிச்சுக்கிடக் கூடாது. நீங்க இங்கன வந்து நிக்கணும்.” ஹபீப் முகம்மது தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் போய் நின்றார். அவள் இந்தக் கோடியிலிருந்து அமுக்கினாள்.

“ஒங்க புருவத்துல தழும்பு இருக்குல்லா பாய்? எடது பக்கம்?”

“சின்னப் பிள்ளையில வேப்ப மரத்துல இருந்து விழுந்தது. லைட்ட அணைம்மா, கண்ணு போயிரும்.”

“இதையே குடுங்க.”

“இன்னும் ரெண்டு பங்கு தூரம் போவும். விடிய விடிய எரியும். நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றார் அவர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பொழுது அடைந்ததும் பின்கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, அடுப்படி லைட்டை அணைத்து, டார்ச்சை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து மகனைக் கூப்பிட்டாள். தனியாக இருக்கும்போது பெற்ற பிள்ளையின் குரல் காதில் விழுந்தால் ஒரு தெம்புதானே?

“எங்கலே இருக்க?”

“கடையிலம்மா. ஒரே கூட்டம். பெறவு பேசுதேன்.” பைய, ரகசியம் மாதிரி பேசினான். முதலாளி பக்கத்தில் நிற்பார் போல என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் முதல் கல் விழுந்தது. அவள் அசையவில்லை. இரண்டாவது கல்லுக்கு ஓடு உடைந்தது. எழுந்து, கதவைக் காலால் தள்ளி, கையை நீட்டி அமுக்கினாள்.

மூன்றாவது கல்லோடு தூக்கிய கை அப்படியே நின்றது. உதட்டோரத்தில் பாக்கு. கூசிய கண்ணை மறைக்கக் கூடத் தோன்றாமல் முழித்துக்கொண்டு நின்றான் மணிராஜ். தாடையில் அம்மைத் தழும்பு கூடத் தெரிந்தது. அந்த அம்மைக்கு வேப்பிலை அரைத்துத் தடவியதே அவள்தான்.

“எம்மா… லைட்ட அணைம்மா.”

“கடையில ஒரே கூட்டம்னியேலே. இதான் ஒங் கடையா?”

“செவ்வாக்கெழம கடை லீவும்மா” என்றான். பதற்றத்தில் உண்மை தன்னால் வந்து விழுந்தது.

ஊர் கிடா வெட்டச் சொன்ன செவ்வாய்க்கிழமைப் பேய், ஜவுளிக்கடை வார விடுமுறை! ‘லீவே கிடைக்க மாட்டேங்குது’ என்று ஆறு மாதமாகத் தாயைப் பார்க்க வராதவன், வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்திருக்கிறான்.

“ஒன்னய பயங்காட்டத்தாம்மா செஞ்சேன். ஒம்மேல படாமத்தான் எறிஞ்சேன். எல்லாம் அடுப்படி மேலதான? நீ படுக்க ரூமு மேல ஒரு கல்லு விழுந்திருக்கா, சொல்லு!”

கல்லெறிந்ததைக் கூடத் தாங்கியிருப்பாள். பார்த்துப் பார்த்து எறிந்தேன் என்று அதற்கொரு பாசம் கொண்டாடினானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

“இந்த மூஞ்சியப் பாக்கவா நாலு கடை ஏறி எறங்குனேன்? த்தூ.”

சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப்பக்கம் மாடக்கண்ணு குரல் கொடுத்தார். “என்ன தங்கச்சி, ஆளு ஆப்புட்டானா? யாரு?”

மணிராஜ் கல்லைக் கூடக் கீழே போடாமல் கையெடுத்துக் கும்பிட்டான். “சொல்லிராதம்மா, மானம் போயிரும்.” கரடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாடக்கண்ணு நம்பிவிடுவார். அப்பனுக்காகக் காய்ச்சல் என்று சொன்ன வாய்தானே, மகனுக்காகக் கரடி என்று சொல்லாதா?

“எம் மவந்தான் அண்ணாச்சி” என்று உரக்கச் சொன்னாள். “மணிராஜுதான். வந்து நல்லாப் பாத்துக்கிடுங்க. இந்த வீட்ட விட்டு நான் போவ மாட்டேன்னு அந்தத் திசையன்விளைக்காரருட்டயும் சொல்லிருங்க.”

மணிராஜ் கல்லைப் போட்டான். மாடக்கண்ணு வருவதற்குள் திரும்பி வரப்பில் இறங்கி, தடுமாறித் தடுமாறி ஓட ஆரம்பித்தான். முத்துராணி டார்ச்சை அணைக்கத்தான் நினைத்தாள். அந்த வரப்பில் விரியன் கிடக்கும். போன மாதம்கூட ஒன்றை அடித்தார்கள்.

“பைய போ, மூதி!” என்று கத்தினாள். “கடிச்சுச் செத்தாலும் நான்தான அழணும்?”

கை தானாகத் தாழ்ந்து, அவன் காலுக்கு முன்னால் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டே போனது. அந்தக் கையைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஹபீப் பாய் பொய் சொல்லவில்லை. நாற்பது எட்டைத் தாண்டி, தோட்டத்தையும் தாண்டி, ரோடு வரைக்கும் அடித்தது.