மன்னிப்புக்குப் பயந்த ஞானமணி அண்ணன்

திங்கட்கிழமை காலை கடைக்குக் கிளம்பும்போது ஞானமணி அண்ணனின் மகள் போன் செய்தாள். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க. ஊசிக்குத் தப்பிச்சிட்டாரு" என்று அழுகைக்கு நடுவே சிரித்தாள். எனக்கும் இரண்டும் சேர்ந்தேதான் வந்தன.

ஆரணியில் என் பட்டுக் கடையில் இருபது வருடம் சேலை மடித்து லேபிள் தைத்தவர் அவர். நம் சபையில் அவரைத் தெரியாதவர் யார்? ஊசிக்குப் பயம், இடிக்குப் பயம், பல்லியைக் கண்டால் மேசைமேல் ஏறிவிடுவார். "எங்க வீட்டம்மாவை விட்டுட்டீங்களே மொதலாளி" என்று பட்டியலை அவரே முடித்து வைப்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னை எதிர்த்து நின்றார். தேவிகாபுரத்துக் கல்யாண வீட்டுக்குக் கைத்தறி முகூர்த்தச் சேலை தருவதாகச் சொல்லியிருந்தேன். நெசவாளிக்குக் காய்ச்சல், சேலை பாதியில் தறியிலேயே நின்றுவிட்டது. அதே நிறத்தில் ஒரு விசைத்தறிச் சேலையை எடுத்துப் போட்டு, கைத்தறி லேபிளைத் தைக்கச் சொன்னேன்.

"வாணாங்க. பயமா இருக்குது."

"என்னண்ணே பயம்? கடவுள் அடிச்சிடுவாரா?" ஞாயிறுதோறும் சபையில் வேதம் வாசிக்கிறவன் கேட்ட கேள்வி இது, பாருங்கள்.

"அடிச்சா வாங்கிகினு போயிடலாங்க. அவரு மன்னிச்சிடுவாரு மொதலாளி. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு அவரு முன்னாடி போய் உக்கார்றது? அந்தப் பயந்தான்."

"பெரிய பாஸ்டர்!" என்று எரிந்து விழுந்து, லேபிளை நானே தைத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. எப்போதும்போல டீ வாங்கி வந்து, "ஆறிடப் போவுது, குடிங்க" என்றார். திட்டியிருந்தால் குடித்திருப்பேன். அந்த டீ மேசையிலேயே ஆறிப்போனது.

கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. தேவிகாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். உண்மையைச் சொன்னதும் பெண்ணின் தாயார் விட்ட டோஸ் இருக்கிறதே, அப்பப்பா! "ஏமாத்துறதுக்கு எங்க பொண்ணு கல்யாணந்தான் கெடைச்சுதா?" என்று தெருவே கேட்கும்படி கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சேலையை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். எனக்கோ வழியெல்லாம் ஒரே சிரிப்பு.

கடை வாசலிலேயே நின்றிருந்தார் அண்ணன். என் கையில் சேலையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "நல்லா திட்டுனாங்களா?"

"நல்லாத் திட்டுனாங்கண்ணே."

"அப்பாடா!" என்று டீ வாங்கக் கிளம்பினார். அன்று இரண்டு டம்ளர் குடித்தேன்.

பிரியமானவர்களே, அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு பயத்தைத்தான். அது இல்லாமல் கடையைத் திறக்க எனக்குத் தைரியம் கிடையாது.