ஒரு மில்லி குறைவு

போன வாரம் ஜன்னல் திரைக்கு அளவெடுத்தேன். என் பழைய துணி டேப்பில் ஒரு கணக்கு, தையல்காரர் டேப்பில் அரை விரல் கூடுதல். “துணி டேப்பு நாளாவ நாளாவ இழுபட்டு நீண்டுடும்க்கா” என்றார் அவர், சாதாரணமாக. உங்களுக்கும் இது சாதாரணமாகத்தான் தோன்றும். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. சேதராப்பட்டு தொழிற்பேட்டை ஷெட்டின் எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த வாடை மூக்கிலேயே நின்றது.

இருபது வயதில் அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. நாற்காலிக் கால்களுக்கான குழாய்களைக் கரீம் பாய் மெஷினில் வெட்டுவார். நான் இரும்பு ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுவேன். காதில் பென்சில் வேறு. பெரிய இன்ஜினியர் என்ற நினைப்பு. காலை பஸ்ஸில் தன் சாப்பாட்டுத் தூக்கை வைத்து எனக்கு இடம் பிடிப்பவர் பாய்தான்.

ஒருநாள் ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்தது. எல்லாக் குழாயும் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவு. மேனேஜர் என் நோட்டைப் பிரித்தார்.

“இதுல சரியா நானூத்தம்பதுன்னு இருக்கு. இந்தப் பொண்ணு அளந்தப்புறம் மெஷின் செட்டிங்க மாத்திட்டீங்களா பாய்?”

“நான் தொடவே இல்ல சார்” என்றவர் என்னைப் பார்த்தார். “நீ சரியாத்தான் அளந்தியாம்மா?”

“மூணு தடவ அளந்தேன் சார். மூணு தடவையும் நானூத்தம்பது” என்றேன் மேனேஜரிடம்.

நான் சொன்னது உண்மை. மூன்று முறையும் ஒரே அளவு வந்தால் அதுதான் சரியான அளவு என்று நம்பியிருந்தேன். “அப்ப பொய் சொல்றது நீங்கதான் பாய்” என்றார் மேனேஜர். பாய் தூக்கை எடுத்துக்கொண்டு மத்தியானமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் என் ஸ்கேலை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். ஸ்டோரிலிருந்து வேறொன்று வாங்கி, அந்த லோடில் மிஞ்சிய குழாயை அளந்தேன். நானூற்று நாற்பத்தொன்பது. என் ஸ்கேலைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். குழாய் முனையின் பிசிறை அதை வைத்தே எல்லாரும் சுரண்டிச் சுரண்டி, பூஜ்ஜியம் இருக்க வேண்டிய ஓரமே தேய்ந்து போயிருந்தது. இரண்டு ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன்.

“புது ஸ்கேல் வாங்கிக்கலாம், போம்மா” என்றார்.

“பாய கூப்பிடுங்க சார், அவரு மேல தப்பே இல்ல.”

“வேற ஆள் போட்டாச்சி.”

அன்றே பாய் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மனைவி வாசலில் நின்றே கேட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன்.

“வேல தேடி மெட்ராசுக்குப் போயிட்டாரும்மா. பதினோரு வருசம் பாத்த எடத்துல பொய்யன்னு சொல்லிட்டாங்கன்னு ரெண்டு நாளா சாப்புடல. இப்ப வந்து சொல்றியே.”

அடுத்த வாரம் மறுபடி போனேன். கதவில் பூட்டு. பாய் வீட்டாரும் மெட்ராசுக்கே போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஷெட் ஏதோ குடோனாகிவிட்டது. பாய் குடியிருந்த வீட்டை இடித்து, வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். மேனேஜரும் இறந்துவிட்டார். கரீம் பாய் பொய் சொல்லவில்லை என்று தெரிந்த ஆள் இந்த ஊரில் இனி நான் ஒருத்திதான்.