செலின் மாமி துடைச்ச போத்திலுகள்

மாமி செத்துப்போனா எண்டு செய்தி வரேக்கை நான் பலெர்மோவில, மொண்டெல்லோக் கடற்கரையில ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில மீன்சட்டி உரஞ்சிக்கொண்டு நிண்டனான். முதலாளி போனைக் கொண்டுவந்து தந்தார். அங்காலை எங்கடை மாதா கோயில் யோகம் அக்கா.

"அன்ரன், மாமி போயிட்டாவடா. பல்லரோச் சந்தையில மரக்கறி வாங்கிக்கொண்டு படி ஏறினவ, அப்பிடியே இருந்திட்டா."

"ஓம்" எண்டன்.

"ஓமோ? அவ்வளவுதானோ?"

அவ்வளவுதான். சட்டி அரைவாசியில கிடந்தது. அதை முடிச்சுப்போட்டுத்தான் பஸ் ஏறினன். அது மாமி பழக்கின பழக்கம். அதிலயும் எனக்குக் கோவம்தான்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அடிக்கினம், நீதானே அவவோட இருந்தனீ, நல்லதா நாலு வசனம் எழுது எண்டு கோயில் ஆக்கள் கேட்டவை. நல்லது எழுத வேறை ஆக்கள் இருக்கினம். எனக்குத் தெரிஞ்ச மாமியைத்தான் என்னால எழுத ஏலும்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். செலின் மாமி என்ரை அப்பாவின்ரை தங்கச்சி. மன்னாரில இருந்து வந்து, வியா மக்வேதாத் தெருவுக்குக் கிட்ட ஒரு இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா வீட்டில வீட்டுவேலை செய்தவ. கலியாணம் கட்டேல்லை. என்னை இஞ்சை எடுப்பிச்சது அவதான். நான் அதை மறந்துபோவன் எண்டோ என்னவோ, சோறு போடேக்கையெல்லாம் ஞாபகப்படுத்துவா. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டன். பிறகு கிடைச்ச வேலையளையும் விட்டன். "உவனை ஒரு இடத்தில நிப்பாட்டக் கப்பல் நங்கூரம்தான் வேணும்" எண்டு பூசை முடிஞ்சு ஆக்கள் நிக்கேக்கை சத்தமாச் சொல்லுவா.

கையில துணி இல்லாமல் அவவுக்கு இருக்க ஏலாது. பஸ்ஸில சீற்றைத் துடைப்பா. கோயில் வாங்குப் பலகையைத் துடைச்சுப்போட்டு முழங்காலில நிப்பா. கதைச்சுக்கொண்டிருக்கேக்கை என்ரை தோளில தட்டுவா. பாசமெண்டு நினைச்சால், தூசி தட்டுறா.

எங்கடை பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிட அனுமதியோட வேறை நாட்டுக்கும் போய்வரலாம் எண்டு வந்த காலம். சிஞ்ஞோராவின்ரை மகள் கியாரா, மாமி தூக்கி வளத்த பிள்ளை, கலியாணம் கட்டி ஸ்பெயினில வைன் செய்யிற ஒரு நாட்டுப்புற ஊரில இருந்தவள். "செலீனா, வேலைக்கு இல்லை, விடுமுறைக்கு வா. விருந்தாளியா வா" எண்டு போன் எடுத்தவள். மாமி அதைச் சொல்லிச் சொல்லி அழுதா. புதுச்சட்டை தைச்சா. பெட்டி தூக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனா.

அந்த ஊர் ஒரு மேடு. சுத்திவர முந்திரிகைக் கொடி. கிழவியள் வாசலில கதிரை போட்டு இருந்து, சர்க்கஸ் வந்தமாதிரி எங்களைப் பாத்தவை. கியாரா வீட்டு மேசையில மாமி கதிரை நுனியில இருந்து சாப்பிட்டா. முடிஞ்ச உடனை கோப்பையளை அடுக்க எழும்பினா. "செலீனா, இரு" எண்டு கியாரா சொன்னாள். இருந்தா. அவள் தன்ரை குழந்தையைத் தூக்கி மாமியின்ரை மடியில வைச்சிட்டு வெளியில போயிட்டாள்.

"விருந்தாளி எண்டு கூப்பிட்டுச் சம்பளமில்லாத வேலை தாறாள்" எண்டன்.

"வாயைப் பொத்து. அவள் என்ரை பிள்ளை."

கியாராவின்ரை மாமனார் ஒரு முரட்டுக் கிழவன். வைன் எல்லாம் அவரின்ரைதான். வீட்டுக்குக் கீழை பாறையைக் குடைஞ்சு நிலவறை. என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கத்தியைத் தந்தார். அவரின்ரை ஸ்பானியோல் பாஷையும் என்ரை இத்தாலியானோவும் அரைவாசி விளங்கும். நான் முந்திரிகைக் குலை வெட்டுற வேகத்தைப் பாத்திட்டுத் தலையாட்டினார். என்ரை அவசரத்தைப் பிழையெண்டு சொல்லாத முதல் ஆள் அந்தாள்தான். அறுவடை முடியுமட்டும் நில், பிறகு நிலவறையில வேலை, மேலை ஒரு அறையும் தாறன், விசாக் கடுதாசியளை நான் பாக்கிறன் எண்டார். எனக்கு அந்த இடம் வேணும்போல கிடந்தது. ஒரு இடத்தைப் பாத்து அப்பிடி நினைச்சது அதுதான் முதல்.

இரவு மாமிக்குச் சொன்னன்.

"உனக்கு ஆர் உடுப்புத் தோய்க்கிறது?"

"நான்தான்."

"நீயோ" எண்டு சிரிச்சா. 

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்டிட்டு ஊரே நித்திரை. மாமி வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு நிலவறைக்கை இறங்கியிருக்கிறா. அங்கை பழைய போத்திலுகள் தூசியும் சிலந்தி வலையுமா, போர்வை போத்தமாதிரிக் கிடக்கும். எந்த வருஷத்து வைன் எண்டு ஒவ்வொண்டிலையும் வெண்கட்டியால எழுதியிருந்தது. மாமி எல்லாத்தையும் கழுவித் துடைச்சு, உயரத்தின்படி மாத்தி அடுக்கி வைச்சிட்டா. கண்ணாடி மாதிரி மினுங்கிச்சுது.

கிழவன் இறங்கி வந்து ஒரு போத்திலைக் கையில எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். பிறகு போட்ட சத்தத்தில நானும் கியாராவும் ஓடிவந்தம். கியாராதான் சொன்னாள்: "அந்தத் தூசிதான் அதுகளின்ரை வயசாம். மகன் பிறந்த வருஷத்து வைன் எது, மனுசி செத்த வருஷத்து வைன் எது எண்டு இனி ஆருக்கும் தெரியாதாம்."

"ஊத்தையாக் கிடந்தது" எண்டா மாமி. கையில ஈரத்துணி.

"உன்னை ஆர் செய்யச் சொன்னது, செலீனா? விருந்தாளி எண்டெல்லே சொன்னனான்."

கிழவன் என்னைப் பாத்தார். போ எண்டு கையைக் காட்டினார். என்ரை வேலையும் மேலை அறையும் அந்தக் கைவீச்சோட போயிட்டுது.

விடிய வெளிக்கிடேக்கை மாமி கட்டில் விரிப்பெல்லாத்தையும் என்னைக் கொண்டு கழட்டுவிச்சா. தான் போய் முகம் கழுவுற தொட்டியைத் துடைச்சா. கியாரா பஸ்ஸடிக்கு வரேல்லை.

பலெர்மோவுக்குத் திரும்புற கப்பலில கேட்டன்: "வேணுமெண்டு செய்தனீங்களோ?"

மாமி கப்பல் விளிம்புக் கம்பியைப் பிடிச்சா. "ஒருத்தரும் உன்னோட கதைக்காத வீட்டில சும்மா இருந்து பார், தெரியும். நீயும் போகப்போறன் எண்டிட்டாய்."

இது ஓமோ, இல்லையோ? எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. ஆனால் கம்பியில கிடந்த உப்பை அவவின்ரை கை துடைச்சுக்கொண்டே இருந்தது.

வந்த கிழமையே நான் வேறை அறைக்கு மாறிட்டன். கடைசியாக் கண்டது கோயில் வாசலில. "சேட்டில எண்ணெய் கிடக்கு. கழட்டு, தோய்ச்சுத் தாறன்" எண்டா. குடுக்கேல்லை. இண்டைக்குக் கேட்டாலும் குடுக்கமாட்டன். மன்னிச்சிட்டன் எண்டு எழுதினால் பொய். கோயில் ஆக்கள் இதை வெட்டுறதெண்டால் வெட்டலாம்.

போன கிழமை சேமக்காலையில மாமியின்ரை கல்லறைக்குப் பேர்க்கல் பூட்டினவை. மேசன் வேலை முடிச்சுப் போக, மாமியின்ரை பேரெல்லாம் வெள்ளைத் தூசி. யோகம் அக்கா துடைக்கக் கைப்பைக்கை இருந்து லேஞ்சியை எடுத்தா.

"விடுங்கோ அக்கா."

"ஊத்தையாக் கிடக்கடா. மாமிக்குப் பிடிக்காது."

"தெரியும்."

அக்கா லேஞ்சியை மடிச்சு உள்ளை வைச்சா.

செலின் மாமி, அந்தத் தூசி அப்பிடியே கிடக்கு. கிழவன் சொன்னமாதிரி வயசாகட்டும். பொறுக்க ஏலாட்டில் எழும்பி வந்து நீங்களே துடையுங்கோ.