இருபத்தாறு கிலோ காவு

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, முழுப்பரீட்சை லீவில், என் சொந்தச் சித்தப்பா என்னைக் காவு கொடுக்கப் பார்த்தார். சும்மா சொல்லவில்லை, கையில் ஆதாரம் இருந்தது. ஆதாரம் இல்லாமல் பெரியவர்கள் மீது பழி போடுகிற பழக்கம் எனக்கு அன்றும் கிடையாது.

காரைக்குடிக்கு வெளியே, நாச்சியாபுரம் போகும் வழியில் எங்கள் வீடு. தச்சு வேலைக் குடும்பம். அப்பா உளியை விடவில்லை. சித்தப்பா இரும்புப் பக்கம் போய்விட்டார். அந்த வருடம் அவர் கோயமுத்தூர்ப் பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்து, எங்கள் மாட்டுக்கொட்டகையில் சொந்தப் பட்டறை போட்டார். மாடுகள் வேப்பமரத்தடிக்குப் போயின. வெல்டிங் செட் வந்தது, டிரில்லிங் மிஷின் வந்தது, அப்பாவின் பழைய பெஞ்சின் மேல் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு வைஸ் ஏறி உட்கார்ந்தது. பட்டறையின் முதல் வேலையாக அவர் எடுத்துக்கொண்டது ஒரு கார். ரோடே இல்லாத இடத்தில் ஓடுகிற கார். பழைய ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்று, கட்டில் குழாய்கள், ஆட்டோ சக்கரம் நாலு. அதற்குப் பெயர் பக்கி என்றார். எங்கள் வீட்டில் அது என்னைத் திட்டுவதற்கென்று வைத்திருந்த சொல்.

அப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"கூரை இல்ல, கதவு இல்ல. இதுக்குக் காருன்னு பேரு."

"மேட்டுலயும் பள்ளத்துலயும் ஓடுறதுண்ணே. ஓடிட்டா பாக்குறவுக எல்லாம் செஞ்சு கேப்பாக."

"பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள ஓட்டிக் காட்டு. ஓடலையா, மாட்டக் கொண்டாந்து உள்ள கட்டிருவேன். நீ கோயமுத்தூருக்கே போயிரு."

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "என்ன கருமமா இருந்தாலும் புதுசு. காவு குடுக்காம ஓட்டக் கூடாது."

"எல்லாம் பாத்து வச்சிருக்கேண்ணே" என்றார் சித்தப்பா. சொல்லும்போது என்னைப் பார்த்தார். அல்லது என் பின்னால் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார்.

எங்கள் வம்சத்தில் கதவு நிலையானாலும் தேரானாலும் ஒரு சேவலை அறுத்த பிறகுதான் நகர்த்துவார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் சேவல் இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கோடையில், எங்கோ கட்டுகிற பாலம் பிள்ளைகளின் தலை கேட்கிறது என்று ஒரு புரளி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவிடம் சந்தேகம் கேட்டேன். என்னைவிட நாலு வயது மூத்தவள், நிதானமாக யோசித்துச் சொன்னாள்.

"பாலம் சும்மா நிக்கிற சாமான், அதுக்கே தல வேணும்ங்குது. இது எஞ்சின் வச்சதுடா. சேவல் பத்தாது."

மறுநாள் சித்தப்பா என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டு, டேப்பை வைத்து இடுப்பை அளந்தார், முழங்காலை அளந்தார், தோளை அளந்தார். அதற்கு அடுத்த நாள் பழைய இரும்புக் கடைக்குக் கூட்டிப்போய், தராசுத் தட்டில் உடைந்த கேட்டுக்கும் உருக்குலைந்த டிரம்முக்கும் அடுத்தபடியாக என்னை ஏற்றினார். வந்ததும் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்: எஞ்சின் 27, சின்னவன் 26. அதைச் சுற்றி ஒரு வட்டம். மற்றவர்களுக்கெல்லாம் தலையெழுத்து கண்ணுக்குத் தெரியாது. எனக்குச் சுவரிலேயே இருந்தது.

"அண்ணி, இவன எளைக்க விட்டுறாதீக. இதே எடை நிக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு இட்லி வைத்தாள். ஆக, அவளும் உடந்தை.

அன்றிலிருந்து என் இட்லிகளை வேப்பமரத்தடி மாடுகள் தின்றன. பத்து நாளில் அரைக் கிலோ குறைந்தேன். தராசைப் பார்த்த சித்தப்பாவின் முகம் வாடியது. பிள்ளை இளைத்தால் கவலைப்படுவார்கள்தான். அதற்காகச் சுவரில் இருந்ததை அழித்துத் திருத்தி எழுதுவார்களா?

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, வண்டியைக் காய்ந்து கிடந்த கண்மாய்க்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சூடம், எலுமிச்சம்பழம், சந்தனப் பொட்டு எல்லாம் ஆயிற்று. ஒக்கூர் உறவுக்காரர் சேவலோடு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. பஸ் வரவில்லை.

"சேவல் வர்ற நேரம் வரட்டும். நீ ஏறி உக்காருடா, பெல்ட்டு போட்டுப் பாப்போம்" என்றார் சித்தப்பா.

முன்னால் நடுவில், ஓட்டுகிறவருக்கு ஒரு சீட்டு. பின்னால் வலப்பக்கம் எஞ்சின். இடப்பக்கம், எஞ்சினை ஒட்டி, குட்டியாக இன்னொரு சீட்டு. அதில் இரண்டு பட்டைப் பெல்ட். உட்கார்ந்தவன் எழுந்து ஓட முடியாதபடி கட்டுகிற பெல்ட். இதற்கு மேலும் எனக்கு விளக்கம் வேண்டுமா? ஓடினேன். கண்மாய்க் கரையில் கருவேலம் புதருக்குள் புகுந்துதான் நின்றேன். காலில் மூன்று முள். கால்சட்டையின் நிலைமையை இங்கே விவரிக்கப்போவதில்லை.

"சின்னவனே, எங்குட்டுடா போன? டேய், வாடா" என்று சித்தப்பா கரை நெடுக அலைந்தார். குரல் கெஞ்சியது. கெஞ்சினால் வந்துவிடுவேனா?

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப்போகுது. இந்தப் பயலுக்காக அது நிக்குமா? சேவலப் பெறகு அறுத்துக்கலாம். நவுரு, நான் உக்காருறேன்."

"வேணாம்ண்ணே. அந்த சீட்டு வந்து..."

"ஓடுமா, ஓடாதா? அத மட்டும் சொல்லு."

சித்தப்பா எஞ்சினை உதைத்துவிட்டு முன் சீட்டில் ஏறினார். அப்பா அந்தக் குட்டிச் சீட்டில் பாதியும் வெளியே பாதியுமாக உட்கார்ந்தார். வண்டி உறுமியது, கிளம்பியது, நிஜமாகவே ஓடியது. புதருக்குள் இருந்த நான்கூட ஒரு நொடி கைதட்டப் போனேன். நூறு அடி போய் ஒரு மேட்டில் திரும்பியதும், இடப்பக்கமாகச் சாய்ந்து, அப்பாவை அடியில் வைத்துக் கவிழ்ந்தது.

சித்தப்பாவுக்குச் சிராய்ப்பு. அப்பாவுக்கு இடது கை முறிந்தது. நான் புதரை விட்டு வெளியே வந்து எல்லோரும் கேட்கச் சொன்னேன்: "எனக்கு அப்பவே தெரியும். அது ஆள் கேட்டுச்சு." அக்கா என்னைக் கிட்டத்தட்ட மரியாதையோடு பார்த்தாள். தப்பித்துவிட்ட பெருமையில் அடுத்த வருடம் முழுக்க அந்தக் கதையைச் சொல்லித் திரிந்தேன்.

அந்தச் சீட்டைப் பற்றி ஒழுங்காக யோசிக்க எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. வலப்பக்கம் எஞ்சின் இருபத்தேழு கிலோ என்றால், வண்டி சாயாமல் நிற்க இடப்பக்கமும் ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். அங்கே எழுபது கிலோ அப்பா ஏறினால் கவிழாமல் என்ன செய்யும்? அதைக்கூட விடுங்கள். எடைக்குத்தான் என்றால் ஒரு சாக்கு மணல் போதும். அதை விட்டுவிட்டு அந்த மனிதர் என் இடுப்பையும் தோளையும் அளந்து சீட்டுச் செய்து, விழாமல் இருக்கப் பெல்ட்டும் மாட்டியிருந்தார்.

கட்டுப் போட்டு வந்த அன்று, அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "எடை கிடை எல்லாம் பாத்துத்தான் செஞ்சியாடா?"

சித்தப்பா கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"இல்லண்ணே. தப்பு என்னோடதுதான்" என்றார். பிறகு எழுந்து போய், வேப்பமரத்தடியில் நின்ற மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொட்டகைக்குள் கட்டினார்.

நான் அக்காவின் காதில் சொன்னேன்: "பாத்தியா, அவரே ஒத்துக்கிட்டாரு."