தொட்டிக்கு எண்ணெய்க் குளியல்

இன்று மேலகரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு இன்ஜினியர் பெண். மடியில் ஒரு பெட்டி.

"கான்கிரீட்டுக்குள்ள பழுது இருந்தா இந்த சென்சார் காட்டிக்கொடுத்துரும் அங்கிள். புது டெக்னாலஜி."

"புதுசா? எண்பதுகள்லயே இந்தியாவுக்கே இதைக் காட்டினவன் நாந்தாம்மா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அப்போது ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு நான்தான் மேஸ்திரி. கட்டிய தொட்டி கசிந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு ஆபீசர் பெட்டியோடு வந்தார். பெட்டியிலிருந்து வயரில் வரும் இரண்டு வில்லைகளை, சுவரின் இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாக அழுத்த வேண்டும். இங்கன விடுகிற சத்தம் அங்கன சுணங்கி, தாமதமாக வந்தால் நடுவில் பொக்கை, வெறும் ஓட்டை. பொக்கை நிறைய இருந்தால் தொட்டியை இடிப்பார்கள், என் பிழைப்பும் போச்சு.

எங்கே வைத்தாலும் சத்தமே வரவில்லை.

"வில்லையில தடவுற கிரீஸை ரயில்லயே விட்டுட்டேன்யா, அது இல்லாம சத்தம் சுவருக்குள்ள போகாது" என்று ஆபீசர் தலையில் கை வைத்தார்.

ஆறே நிமிஷத்தில் சைக்கிளில் குற்றாலம் போனேன். அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் மசாஜ் செய்யும் அண்ணாச்சியிடம் ஒரு கிண்ணம் எண்ணெய் கேட்டேன்.

"ஏலே, யாருக்குலே எண்ணெய்க் குளியல்?"

"தொட்டிக்கு அண்ணாச்சி!"

எண்ணெய் தடவியதும் பெட்டி உயிர் பெற்றது. சுவரெல்லாம் பாறை மாதிரி உறுதி! தெற்கு மூலையில் மட்டும் பொக்கை.

"இங்க கான்கிரீட் போட்ட அன்னைக்கு, கம்பியால குத்திவிடச் சொல்ல மேஸ்திரி நிக்கலையா?" என்றார் ஆபீசர்.

அன்றைக்கு நல்ல சாரல். மேஸ்திரி அருவியில் நின்றார்.

மூலையைக் கொத்திப் பூசிக் கொடுத்தேன். தொட்டி இன்றும் நிற்கிறது.

கேட்டு முடித்த பெண், "அப்போ சென்சார் கண்டுபிடிச்சது உங்களைத்தான் அங்கிள்" என்று இறங்கிப் போய்விட்டாள்.

சாரல் நாளில் அருவிக்குப் போகாமல் வேலையில் நின்ற உத்தமர் நம்மூரில் யாராவது இருந்தால், கீழே கமெண்டில் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.